ஆர்வோ என்றொரு வரி

கிரூனாவில் இரவு ஒன்றரைக்குச்
சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்,
ஒரு கிலோமீட்டருக்குக் கீழே.
மேலே என் கோப்பையில் காப்பி
மெல்ல ஒரு வட்டம் போட்டு அடங்கும்.
வெற்றிடக் கலத்தில் எண்ணிக்கை
நூற்றுப்பத்து, நூற்றுப்பத்து,
இருநூற்று நாற்பது,
மறுபடி நூற்றுப்பத்து.

அந்த இருநூற்று நாற்பதை
மூன்று வாரம் ஹைட்ரஜன் என்று நம்பினோம்.
ஸ்டெல்லான் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டான்.
பிரியோதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"இது என் தம்பி" என்றாள்.
ஆர்வோ அங்கே துளைகளில் மருந்து நிரப்புகிறவன்.

நாங்கள் தேடியது வேறு.
காற்றே இல்லாத புதனின் தரையில்
சூரியன் ஓயாமல் புரோட்டான் எறிகிறது.
விழுந்ததில் சில
மண்ணிடம் ஓர் எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு
கொடுக்கல் வாங்கல் தீர்ந்த அணுவாய்
எகிறித் திரும்புகின்றன.
காந்தப்புலம் கூப்பிட்டால் அவற்றுக்குக் காது கேட்காது.
வளையத் தெரியாததால்
நேரே வரும்,
கிளம்பிய கல்லைக்
கடைசிவரை காட்டிக்கொடுத்தபடி.

அவற்றைப் பிடிக்க ஒரு பெட்டி.
பனிக்கால பூட்ஸ் ஒரு ஜோடி கொள்ளும், அவ்வளவுதான்.
வாசலில் மின்தகடுகள்:
ஏற்றம் உள்ளதெல்லாம் அங்கேயே ஒதுங்கிவிடும்.
ஏற்றமில்லாதது உள்ளே வந்து
கண்ணாடிபோல் இழைத்த சிலிக்கான் பரப்பில்
எட்டு டிகிரிச் சாய்வில் உரசி
ஓர் எலக்ட்ரானை ஒட்டிக்கொண்டு போகும்.
அதன் பிறகுதான் அது எங்கள் கணக்கில் வரும்.
நூறு உரசினால் ஒன்று.
மற்ற தொண்ணூற்றொன்பதும் வந்து போனதற்குச்
சாட்சி இல்லை.

பிரியோவின் வீட்டுக்கு அந்த டிசம்பரில்
கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது.
கீழே தோண்டத் தோண்ட மேலே நிலம் இறங்குகிறது,
ஊரையே கிழக்கே நகர்த்துகிறார்கள்.
மூன்று கட்டங்கள்:
பணம்.
புது வீடு.
இருக்கும் வீட்டையே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது.
அவள் எதிலும் குறியிடவில்லை.
எதிர்வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் நிறுத்திக் கேட்டார்,
நீ ஊர்ப்பக்கமா, தம்பி பக்கமா என்று.
"இரண்டு எலுமிச்சை கேக்" என்றாள் கடைக்காரியிடம்.

முப்பத்தோராவது தகட்டை இழைத்த இரவு
முகமூடிக்குள்ளிருந்து சொன்னாள்:
"எந்தப் பக்கமும் சாயாத ஒன்றைப் பார்க்க
நமக்குத் தெரிந்த ஒரே வழி
அதை ஒரு பக்கம் சாய வைப்பது.
நல்ல வேலைதான் இது."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
தகட்டைத் தூக்கி விளக்கில் பார்த்தாள்.
ஒரு கீறல். முடியளவுகூட இல்லை.
புற ஊதா ஒளி நுழைய அது போதும்.
முப்பத்திரண்டாவதைத் தொடங்கினோம்.

வெடியை நிறுத்தச் சொல்ல முடியுமா?
நிரலில் ஒரு வரி சேர்த்தோம்:
தினம் ஒன்றரைக்கு
இரண்டு நிமிடம் எண்ணாதே.
அதற்கு அவள் வைத்த பெயர் ஆர்வோ.
அனுப்புமுன் நீக்க வேண்டியவை என்ற பட்டியலில்
பதினேழாவதாய் அது இருந்தது.

இப்போது பிரியோவின் தெருவில் வேலி.
வீட்டைக் கண்டேன், ஒரு ஞாயிறு,
சக்கரங்கள் நிறைந்த வண்டியின்மேல்
நடக்கிற வேகத்தில் போனது.
ஜன்னலில் யாரோ எடுக்க மறந்த நட்சத்திர விளக்கு.
வண்டிக்கு முன்னால்
ஆரஞ்சுச் சட்டையில் பின்னோக்கி நடந்தபடி
கை காட்டிக்கொண்டிருந்தவன் ஆர்வோ.
அவள் எந்தக் கட்டத்தில் குறியிட்டாள் என்று
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பெட்டி புதனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.
முதல் படம் வந்தது, வெளிச்சமே இல்லாமல் எடுத்த படம்,
பள்ளங்களின் ஓரம் மங்கலாய்,
பனி படிந்த ரொட்டித் துண்டுபோல.
தரவில் தினமும் ஒரு இடைவெளி,
இரண்டு நிமிடம்,
கிரூனா நேரம் ஒன்றரைக்கு.

பதினேழாவதை நீக்க மறந்தோம்
என்று அறிக்கையில் எழுதினேன்.
சுரங்கமே இல்லாத அந்தக் கோளைச் சுற்றிக்கொண்டு
எங்கள் பெட்டி
வெடி ஓயக் காத்திருக்கிறது.